முதலில் பெயர்ப் பட்டியல், பிறகு வரைபடம்

வரைபடத்தில் ஒரு கோடு நகர்ந்தால் மனிதர் வாழ்வு என்ன ஆகும் என்பதை ஹனூர்ப் பகுதித் தமிழருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கொள்ளேகாலம் தாலுகா ஒரு காலத்தில் கோவை மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலச் சீரமைப்பு அமலுக்கு வந்தபோது தாலுகா முழுவதும் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஒரு குடும்பமும் இடம் பெயரவில்லை. கோடுதான் பெயர்ந்தது. அதற்குப் பிறகு மனு எழுதும் மொழி மாறியது. பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் நிலை மாறியது. பெரும்பான்மையாக இருந்தவர் சிறுபான்மையானோம்.

அது மாநிலங்களைப் பிரித்த கோடு. அதோடு வாழப் பழகிக்கொண்டோம்; கன்னட மக்களோடு அண்ணன் தம்பியாக வாழ்ந்தும் வருகிறோம். இப்போது நம்மை நோக்கி வருவது வேறொரு கோடு. ஹனூர், ராமாபுரம், கௌதள்ளி, மார்ட்டள்ளி என்று ஊருக்கு ஊர் நம் குடும்பங்கள் கட்டட வேலைக்கும் கல் வேலைக்கும் பெங்களூருக்குப் போகின்றன. சிலர் அதற்கும் அப்பால் போகின்றனர். போன இடத்தில் நகரத்தின் நடுவில், சாக்கடை ஓரத்தில், தண்டவாளத்து ஓரத்தில் குடியிருக்கிறார்கள். நகரத்தின் நடுப்பகுதி நிலத்துக்கு இன்று பொன் விலை. ஆகவே நாம் குடியிருக்கும் இடத்தை ‘மேம்படுத்த’ ஒரு திட்டம் வருகிறது, ஐந்து பத்து ஆண்டில் அது திருத்தப்படுகிறது, மறுபடியும் திருத்தப்படுகிறது. ஒவ்வொரு திருத்தத்திலும் ஒரு புதிய கோடு விழுகிறது. கோட்டுக்கு இப்பால் இருப்பவனுக்கு வீடு. அப்பால் இருப்பவனுக்கு லாரி.

இந்தக் கோட்டை யார் போடுகிறார்கள், எதை வைத்துப் போடுகிறார்கள் என்பதைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறோம். அதற்கு இந்தியாவிலேயே பெரிய உதாரணம் பம்பாயில், இன்றைய மும்பையில் இருக்கிறது. அதன் பெயர் தாராவி.

தாராவி நமக்கு அந்நியமா?

தாராவி தமிழருக்கு அந்நியமான ஊர் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமைத் தமிழர்கள் அங்கே போய்த் தோல் பதனிடும் வேலை செய்தார்கள். சதுப்பு நிலத்தை மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கி ஊராக்கியதில் அவர்கள் கைக்கும் பங்கு உண்டு. மாதுங்கா லேபர் கேம்ப், தொண்ணூறு அடிச் சாலை ஆகிய பெயர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் புழங்கும் பெயர்கள். விடியற்காலையில் மும்பைத் தெருக்களில் விற்கும் இட்லியில் பெரும் பங்கு தாராவித் தமிழர் வீட்டு அடுப்பிலிருந்து போவது.

ரயில்வே வரைபடத்தைப் பார்த்தால் தாராவியின் மதிப்பு ஒரு நொடியில் விளங்கும். மேற்கே மேற்கு ரயில்வேயின் மாகிம் நிலையம். கிழக்கே மத்திய ரயில்வேயின் சயான், மாதுங்கா நிலையங்கள். இரண்டு புறநகர்ப் பாதைகளும் நெருங்கிவரும் இடத்தில், சுமார் 240 ஹெக்டேர். வடக்கே மித்தி ஆற்றைத் தாண்டினால் பாந்திரா-குர்லா வணிக வளாகம், அதாவது வங்கிகளும் பெரிய கம்பெனிகளும் குவிந்திருக்கும் இடம். ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட சேரி, நகரம் வளர்ந்ததால் நகரத்தின் நெஞ்சில் வந்து நின்றுவிட்டது. சேரி நகரவில்லை. நகரம்தான் அதைச் சுற்றி வளைத்துக்கொண்டது. அதன் பிறகுதான் அந்தச் சேரியின்மேல் ஆட்சியாளருக்கும் முதலாளிக்கும் அக்கறை பிறந்தது.

திட்டம் திருந்திய கதை

1985-ஆம் ஆண்டு இறுதியில் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய் நகரத்துக்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதில் ஒரு பகுதி தாராவிக்கு. அப்போது போட்ட திட்டம் சில கட்டடங்களோடு நின்றது. 1995-இல் மகாராஷ்டிர அரசு குடிசை மறுவாழ்வுத் திட்டம் கொண்டுவந்தது: கட்டுமான முதலாளி குடிசைவாசிக்கு இலவச வீடு கட்டித் தருவார், மிச்ச நிலத்தில் விற்பனைக்குக் கட்டி லாபம் எடுப்பார். 2004-இல் அந்த முறையையே தாராவி முழுவதற்கும் விரித்து, பல பிரிவாகப் பிரித்து, பெரும் கம்பெனிகளை அழைப்பது என்று திருத்தினார்கள். 2007-இல் உலகளாவிய டெண்டர். அது நடக்கவில்லை. 2009-இல் அரசே நியமித்த நிபுணர் குழு, இது மக்களுக்காகப் போட்ட திட்டமல்ல, நிலத்துக்காகப் போட்ட திட்டம் என்ற பொருள்பட வெளிப்படையாகவே கண்டித்தது. 2018-இல் மீண்டும் டெண்டர். 7,200 கோடிக்கு ஒரு கம்பெனி முன்வந்தது. 2020-இல் அது ரத்து. 2022-இல் மறுபடி டெண்டர். 5,069 கோடி கேட்ட அதானி குழுமத்துக்குக் கிடைத்தது. மாநில அரசும் அந்தக் குழுமமும் சேர்ந்த கம்பெனியில் குழுமத்துக்கு 80 சதவீதப் பங்கு, அரசுக்கு 20. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2025 மே மாதம் பெருந்திட்டத்துக்கு மாநில அரசு ஒப்புதல் கொடுத்தது.

நாற்பது ஆண்டு. எத்தனை பிரதமர், எத்தனை முதல்வர், எத்தனை கட்சி! ஒவ்வொரு தடவையும் திருத்தப்பட்டவை மூன்று: யார் கட்டுவது, எத்தனை மாடி, எத்தனை சதுர அடி. முன்பு 225 சதுர அடி என்றார்கள், பிறகு கூட்டினார்கள், இப்போது 350 என்கிறார்கள். சதுர அடி கூடியதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த 350 சதுர அடி யாருக்கு என்று கேளுங்கள். அங்கேதான் கோடு இருக்கிறது.

கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும்

தாராவியில் இன்று வகுத்திருக்கும் விதி இதுதான். 2000 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குக் காகிதம் உள்ளவனுக்கு 350 சதுர அடி, இலவசமாக, தாராவியிலேயே. அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை வந்தவனுக்கு 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய் கட்டினால், தாராவிக்கு வெளியே. அதற்கும் பின்னால் வந்தவனுக்கும், எந்த ஆண்டு வந்திருந்தாலும் மாடியில் குடியிருப்பவனுக்கும், வாடகை அல்லது தவணை முறையில், அதுவும் வெளியே.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். கீழே ஒரு அறை, அதன்மேல் இரும்பு ஏணி வைத்து ஒரு அறை. கீழே அண்ணன், மேலே தம்பி. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே ஆண்டில் ஊரிலிருந்து ரயில் ஏறியவர்கள். அண்ணனுக்கு தாராவி, தம்பிக்கு ‘வெளியே’. அந்த ‘வெளியே’ என்பது எது? முலுண்டு, பாண்டுப், காஞ்சூர்மார்க் பக்கத்து உப்பளங்கள், தேவனார்க் குப்பை மேடு ஆகியவற்றின் பெயர்கள் அரசு ஆணைகளில் வந்திருக்கின்றன. சயானிலிருந்து முலுண்டுக்கு ரயில் பாதையில் ஏறக்குறைய 18 கிலோமீட்டர். விடியற்காலை நாலு மணிக்கு இட்லிப் பானையை இறக்கி ஆறு மணிக்குத் தெருவில் நிற்க வேண்டியவன் அங்கிருந்து எப்படி வருவான்? தோல் தைப்பவன், குயவன், பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிப்பவன் ஆகிய யாருக்கும் தாராவி வெறும் படுக்கும் இடம் அல்ல. வீடும் பட்டறையும் ஒன்று. வீட்டை மட்டும் கணக்கில் எடுத்து வேலையை விட்டுவிட்டால், கூரை கொடுத்துச் சோற்றைப் பறித்ததாகும்.

இதே திட்டத்தில் இன்னொரு காட்சியும் உண்டு. மாதுங்கா பக்கத்து ரயில்வே நிலமும் இந்தத் திட்டத்தில் சேர்ந்தது. அங்கே முதலில் தொடங்கிய வேலை எது தெரியுமா? ரயில்வே ஊழியருக்குக் குடியிருப்பு கட்டுவது. அது நியாயம்தான், ரயில்வே ஊழியன் என்ற முறையில் மகிழ்ச்சிதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரயில்வே ஊழியனைப் பார்த்து “நீ எந்த ஆண்டு வந்தாய்? தரைத்தளமா, மாடியா? காகிதம் எங்கே?” என்று யாரும் கேட்கவில்லை. ஏன்? அவன் பெயர் சர்வீஸ் ரெஜிஸ்டரில் இருக்கிறது. அவனுக்கு ஒரு எண் இருக்கிறது. அவனுக்குப் பின்னால் தொழிற்சங்கம் இருக்கிறது. அதே மண்ணில் மூன்று தலைமுறையாகத் தோல் பதனிட்டவன் பேரன் மட்டும் காகிதத்தைத் தேடி அலைகிறான். இருவருக்கும் உள்ள வேற்றுமை ஒரு பதிவேடு.

தேதி எங்கிருந்து வந்தது?

அரசு தரப்பில் ஒரு வாதம் உண்டு. கடைசித் தேதி ஒன்று வைக்காவிட்டால் வீடு கிடைக்கும் என்று நாளையும் ஆட்கள் வந்து குடிசை போடுவார்கள். ஆகவே ஓரிடத்தில் கோடு போட்டுத்தான் ஆக வேண்டும் என்கிறார்கள். இதை நாம் அடியோடு தள்ளவில்லை. பொதுப் பணத்துக்குக் கணக்கு வேண்டும். ஆனால் அந்தத் தேதி உண்மையில் எப்படி நடந்துகொண்டது? மகாராஷ்டிரத்தில் 1976 என்றார்கள்; பிறகு 1985 என்றார்கள்; 1995 என்றார்கள்; 2000 என்றார்கள்; பணம் கட்டினால் 2011 வரை என்றார்கள். தேர்தலுக்குத் தேர்தல் நகரும் தேதியைத் தருமம் என்று யார் ஒப்புவார்கள்? ஒரு தேதி வேண்டுமானால் அது கணக்கெடுப்பு நடக்கும் தேதியாக இருக்கட்டும். இன்று எண்ணுகிறாய், இன்று இருப்பவனை எழுது. நாளை வருபவனைப் பற்றி நாளை பேசுவோம். கால் நூற்றாண்டுக்கு முந்திய தேதியை வைத்து இன்று எண்ணுவது, எழுதுவதற்காக அல்ல, கழிப்பதற்காக.

1976-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த ஆண்டு ஜனவரியில் மகாராஷ்டிர அரசு குடிசைகளை எண்ணி, புகைப்படம் ஒட்டிய அடையாளச் சீட்டு கொடுத்தது. அந்தச் சீட்டின் மதிப்பு ஒன்பது ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. 1981-இல் பம்பாய் நடைபாதைவாசிகளைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிச் சொந்த ஊருக்கு அனுப்பத் தொடங்கியபோது வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. மனு செய்தவர்களில் சேலத்திலிருந்து பிழைக்கப் போன நிலமற்ற தமிழ்க் கூலித் தொழிலாளி ஒருவரும் இருந்தார். ஓல்கா டெலிஸ் வழக்கு என்று பெயர் பெற்ற அதில் 1985 ஜூலை 10-ஆம் தேதி அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொன்னது: உயிர் வாழும் உரிமையில் பிழைக்கும் உரிமையும் அடங்கும். இன்று வரை ஏழைகள் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது. ஆனால் அதே தீர்ப்பு, முறையாக நோட்டீஸ் கொடுத்து நடைபாதையிலிருந்து அகற்றலாம் என்றும் சொன்னது. மாற்று இடம் கட்டாயம் கொடுக்க வேண்டியது யாருக்கு? 1976-இல் எண்ணப்பட்டுச் சீட்டுப் பெற்றவர்களுக்கு.

தோழர்களே, இதை நிறுத்தி வாசியுங்கள். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் எல்லாருக்கும் உரிமை உண்டு என்றது. இடம் என்று வரும்போது பட்டியலைக் கேட்டது.

தாமே எண்ணிக்கொண்டவர்கள்

இந்த உண்மையை முதலில் புரிந்துகொண்டு வேலை செய்தவர் ஒரு கர்நாடகத் தமிழர். கோலார் தங்கவயலில் பிறந்து, இளவயதில் பம்பாய்க்குப் போய், ஜனதா காலனி என்ற சேரியில் வாழ்ந்த ஜோக்கின் அற்புதம். மாநகராட்சி குப்பை அள்ள வராதபோது, சேரிக் குழந்தைகளிடம் ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைப் பொட்டலமாகக் கொடுத்து மாநகராட்சி அலுவலகத்தின் முன்னால் கொண்டுபோய்ப் போடச் செய்தவர். அவசரநிலைக் காலத்தில், 1976-இல், அந்த ஜனதா காலனி இடித்து அகற்றப்பட்டது. அதைத் தடுக்க அவரால் முடியவில்லை. ஆனால் அந்த அனுபவம் அவரை விடவில்லை. தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பைக் கட்டி வளர்த்தார். 1986-இல், தாராவியில் இவ்வளவு பேர்தான் என்று அரசு ஒரு மதிப்பீட்டை வைத்துக்கொண்டு திட்டம் போட்டபோது, மக்களே தங்களைத் தாங்கள் எண்ணினார்கள். குடும்பங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டின. அரசின் மதிப்பீடு அதற்கு வெகுவாகக் குறைந்தது. பாதிப் பேரைக் காணாமல் செய்துவிட்டுப் போடும் திட்டத்தில் சாக்கடை போதாது, குழாய் போதாது, வீடு போதாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

அந்த நாட்களில் பைகுல்லா நடைபாதைப் பெண்கள் மகிளா மிலன் என்ற அமைப்பாகத் திரண்டார்கள். வீட்டுக்கு வீடு யார் இருக்கிறார், யார் ஊருக்குப் போயிருக்கிறார், யார் வாடகை, யார் சொந்தம் என்பது வீட்டிலிருக்கும் பெண்ணுக்குத் தெரியும் அளவுக்கு எந்த அதிகாரிக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் போகாத அந்தப் பெண்கள் தங்கள் தெருவைத் தாங்களே கணக்கெடுத்தார்கள். அதிகாரியின் பட்டியலை எதிர்த்துக் கூச்சல் போடுவது ஒரு வழி. நம் பட்டியலை அவன் மேஜைமேல் வைத்து, இரண்டையும் ஒப்பிடு என்று சொல்வது இன்னொரு வழி. இரண்டாவது வழிக்கு எந்த அதிகாரியாலும் எளிதில் பதில் சொல்ல முடியாது. ஜோக்கின் அற்புதம் 2018-இல் மறைந்தார். மகசேசே விருதும் பத்மஸ்ரீயும் பெற்ற பிறகும் சேரிக்காரராகவே மறைந்தார். தங்கவயல் மண் தந்த மனிதரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாமா?

பெங்களூரில் நடந்தது

பம்பாய் தூரம் என்று நினைப்பவர்களுக்கு பெங்களூர் பக்கம். கோரமங்கலாவை ஒட்டிய ஈஜிபுராவில் ஏழைகளுக்காக அரசே கட்டிய அடுக்கு வீடுகள் இருந்தன. கட்டடம் தரமில்லை, 2007-இல் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. மக்கள் அதே இடத்தில் தகரக் கொட்டகை போட்டு வாழ்ந்தார்கள். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களில் தமிழர் ஏராளம். பிறகு திட்டம் திருத்தப்பட்டது: தனியார் நிறுவனம் ஒன்று நிலத்தின் ஒரு பகுதியில் ஏழைகளுக்கு வீடு கட்டும், மறு பகுதியில் வணிக வளாகம் கட்டிக்கொள்ளும் என்று. 2013 ஜனவரியில், குளிர் காலத்தில், போலீஸ் பாதுகாப்போடு புல்டோசர் வந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் தெருவுக்கு வந்தன.

அங்கேயும் பட்டியல்தான் பேசியது. முதலில் ஒதுக்கீடு பெற்றவர் ஒரு வகை. அவரிடமிருந்து வாங்கியவர், வாடகைக்கு வந்தவர் வேறு வகை. பல ஆண்டு ஒரே சுவரின் இருபுறமும் வாழ்ந்தவர்களைக் காகிதம் இரண்டாகப் பிரித்தது. ஒற்றுமையாக நின்றிருக்க வேண்டியவர்கள் ‘உனக்கு உண்டு, எனக்கு இல்லை’ என்று பிரிந்து நின்றார்கள். எதிரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

திட்டத்தைத் திருத்தும்போது மக்கள் பேசச் சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. கர்நாடக நகர, ஊரமைப்புச் சட்டம் 1961-ஆம் ஆண்டினது. பெருந்திட்டத்தைப் பத்தாண்டுக்கு ஒருமுறையாவது திருத்த வேண்டும் என்கிறது. வரைவை வெளியிட்டு 60 நாள் ஆட்சேபணை கேட்க வேண்டும் என்கிறது. 2031 வரைக்குமான பெங்களூர் வரைவு 2017 நவம்பரில் வெளிவந்தபோது 13,000-க்கு மேற்பட்ட ஆட்சேபணைகள் போயின. அந்த வரைவு 2020-இல் கைவிடப்பட்டது. ஆகவே ஆட்சேபணை வீண் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் அந்த 13,000-இல் தகரக் கொட்டகையிலிருந்து போனவை எத்தனை? வரைவு வந்ததே நம்மவரில் எத்தனை பேருக்குத் தெரியும்? பங்களாக்காரன் தன் தெருவில் கடை வரக்கூடாது என்று எழுதினான். நாம் நம் தெரு இருக்க வேண்டும் என்றுகூட எழுதவில்லை.

நம் குடும்பங்களின் இக்கட்டு

இனி நம் வீட்டுக்குள் வருவோம். வருஷத்தில் எட்டு மாதம் பெங்களூரில் வேலை. நாலு மாதம் ஊரில் மழைக்காட்டு விவசாயம். ரேஷன் அட்டை ஊரில். வாக்காளர் பட்டியலில் பெயர் ஊரில். பெங்களூரில் இருப்பதற்கு மேஸ்திரியின் வாய்ச்சொல் ஒன்றே சாட்சி. அட்டையை நகரத்துக்கு மாற்றினால் ஊரில் கிழவனுக்கும் கிழவிக்கும் கிடைப்பது என்னவாகும் என்ற பயம். மாற்றாவிட்டால் நகரத்தில் நாம் இல்லாதவர்கள். 2019-க்குப் பிறகு வந்த ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ ஏற்பாட்டில் எங்கிருந்தும் அரிசி வாங்கலாம், நல்லதுதான். ஆனால் அட்டையில் உள்ள விலாசம் ஊர் விலாசமாகவே இருக்கும். வயிற்றுக்கு அரிசி கிடைத்தது. குடியிருப்புக்குச் சாட்சி கிடைக்கவில்லை. ஊர்க் கணக்கெடுப்பில் ‘வெளியூர் போனவன்’, நகரக் கணக்கெடுப்பில் ‘வெளியூரிலிருந்து வந்தவன்’. இரண்டு பட்டியலிலும் அவன் பெயருக்கு எதிரே கோடு.

இதற்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே மருந்து இல்லை. வாக்கு ஓரிடத்தில்தான் இருக்க முடியும். எங்கே என்பதை ஒவ்வொரு குடும்பமும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். ஆனால் வாக்கையும் ரேஷனையும் தவிர வேறு காகிதங்கள் உண்டு. கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில், வருஷத்தில் 90 நாள் வேலை செய்தவர் பதிவு செய்யலாம். அந்த அட்டை, நீ இந்த நகரத்தைக் கட்டியவன் என்பதற்குச் சாட்சி. பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை, பிரசவம் பார்த்த அரசு ஆஸ்பத்திரிச் சீட்டு, தடுப்பூசி அட்டை, மின் கட்டண ரசீது, விலாசத்துக்கு வந்த தபால் எல்லாம் சாட்சியே. இவற்றைக் கூரை இடுக்கில் செருகி மழையில் நனைய விடாதீர்கள். ஒரு தகரப் பெட்டி வாங்குங்கள். தேதி வரிசைப்படி அடுக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் ஊரில் நம்பிக்கையானவரிடம் இருக்கட்டும்.

ஹனூரிலேயே இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஹனூர் இன்று நகரப் பஞ்சாயத்து. கொள்ளேகாலத்திலிருந்து பிரிந்த தனித் தாலுகா. தாலுகா அலுவலகம் வந்த ஊரில் நில விலை ஏறும். நடு ஊரைச் சீரமைக்க வேண்டும் என்ற பேச்சும் ஒருநாள் எழும். அரசு நிலத்தில் வீடு கட்டிக் குடியிருப்போருக்கு உரிமை கொடுக்கக் கர்நாடக நில வருவாய்ச் சட்டத்தில் கிராமத்துக்கு 94-சி, நகரத்துக்கு 94-சிசி என்று பிரிவுகள் வந்தன. அவற்றிலும் இன்ன தேதிக்கு முன் என்ற கோடு உண்டு. தூரத்துத் தாராவியின் கதைதான், சிறிய அளவில்.

நாம் கேட்பது என்ன?

மேம்பாடே வேண்டாம் என்று சொல்பவர்கள் நாம் அல்லர். இருட்டும் வரை காத்திருந்து ஒதுங்கப் போகும் பெண்ணிடம், பொதுக் கக்கூஸ் வரிசையில் அரை மணி நிற்கும் கிழவனிடம் போய், சேரி அப்படியே இருக்கட்டும் என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்? தாராவியிலும் புது வீடு வேண்டும் என்று ஆசைப்படும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அந்த ஆசையில் தவறில்லை. நம் கோரிக்கை திட்டத்தை நிறுத்து என்பதல்ல. திட்டத்தைத் திருத்து என்பது. எப்படித் திருத்துவது?

ஒன்று: வரைபடம் போடும் முன் கணக்கெடுப்பு முடியட்டும். கணக்கெடுக்கும்போது குடியிருப்போர் சங்கத்தின் ஆள், அதிலும் ஒரு பெண், கூட இருக்கட்டும். பட்டியலைத் தெருவிலேயே ஒட்டட்டும். கன்னடத்தோடு அங்கே வாழ்பவர் படிக்கும் மொழியிலும் ஒட்டட்டும்.

இரண்டு: கணக்கெடுக்கும் நாளே கடைசித் தேதி.

மூன்று: வாடகைக்காரன், மாடியில் இருப்பவன், ஆறு மாதம் ஊருக்குப் போய் வருபவன் ஆகியோர் தனித் தனிக் குடும்பமாக எழுதப்படட்டும். பூட்டிய கதவுக்கு மூன்று தடவையாவது வந்து பார்க்கட்டும்.

நான்கு: வீட்டோடு வேலையும் எழுதப்படட்டும். அடுப்பு, தையல் மெஷின், பட்டறை, தள்ளுவண்டி நிறுத்தும் இடம் எல்லாம் திட்டத்தில் இடம் பெறட்டும்.

ஐந்து: இடமாற்றம் தவிர்க்க முடியாதென்றால் எங்கே, எவ்வளவு காலம், இடைக்கால வாடகை எவ்வளவு, திரும்பி வரும் வீட்டின் எண் என்ன என்பதைக் கையெழுத்திட்ட காகிதத்தில் முதலில் கொடுக்கட்டும். அடுக்கு மாடிக்குப் போன பிறகு லிப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மாதாமாதம் கட்ட வேண்டியது எவ்வளவு என்பதையும் சொல்லட்டும். அதைக் கட்ட முடியாமல் வந்த வீட்டை விற்றுவிட்டு மறுபடி சேரிக்கே போனவர்கள் எல்லா நகரத்திலும் உண்டு.

ஆறு: குடியிருப்போரின் சம்மதம் கேட்கட்டும். மகாராஷ்டிரத்தில் மற்ற குடிசைத் திட்டங்களுக்குக் குறிப்பிட்ட விகிதத்தினரின் சம்மதம் தேவை. தாராவி அரசுத் திட்டம் என்று சொல்லி அங்கே அந்த விதியைத் தளர்த்திவிட்டார்கள். சின்னச் சேரிக்கு உள்ள உரிமை பெரிய சேரிக்கு இல்லை என்பது என்ன நியாயம்?

சங்கம் செய்யும் வேலை

கோரிக்கை எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தால் ஒன்றும் நடக்காது. பெங்களூரில் நம்மவர் சேர்ந்து வாழும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பக்கத்துக்கு ஒரு குடும்பம். பெயர்கள், வயது, வந்த ஆண்டு, வேலை, வாடகையா சொந்தமா, கையில் உள்ள காகிதங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பத்தாம் வகுப்புப் பெண் பிள்ளை போதும். தமிழ்க் குடும்பத்தோடு நிறுத்தாதீர்கள். பக்கத்துக் குடிசையில் ராய்ச்சூர்க் கன்னடக் குடும்பமோ ஆந்திரக் குடும்பமோ இருந்தால் அதையும் எழுதுங்கள். புல்டோசர் மொழி பார்ப்பதில்லை. நம் நோட்டும் பார்க்க வேண்டாம்.

அந்த இடம் குடிசைப் பகுதி என்று 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி அறிவிக்கப்பட்டிருக்கிறதா, அங்கே ஏதேனும் திட்டம் இருக்கிறதா, இருந்தால் அதன் பட்டியலில் யார் யார் என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். கர்நாடக விதிப்படி 150 வார்த்தைக்குள், ஒரே விஷயத்தைப் பற்றி, பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு எழுத வேண்டும். கன்னடத்தில் எழுதிக் கொடுக்க சங்கத்தில் ஆள் உண்டு, தயங்காமல் வாருங்கள்.

கடைசியாக, நம்மவரிடமே ஒரு வார்த்தை. சேரியில் நாலு குடிசையை வாடகைக்கு விட்டிருக்கும் தமிழனும் உண்டு. கணக்கெடுக்க வரும்போது வாடகைக்காரனை வெளியே அனுப்பிவிட்டு, “எல்லாம் என் குடும்பமே” என்று எழுதிக் கொடுப்பவனும் உண்டு. வெளியிலிருந்து வரும் முதலாளியைக் கண்டிக்கும் இந்தப் பத்திரிகை, உள்ளே இருந்து ஏழையின் பெயரை அழிப்பவனைக் கண்டிக்காமல் விடாது. வாடகைக்காரன் பெயரை எழுத மறுப்பவன் எந்தக் கொடி பிடித்தாலும், நம் மேடையில் அவனுக்கு இடமில்லை.

இந்தப் பத்திரிகையைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். நகரத்தில் இருக்கும் மகனுக்கோ மருமகளுக்கோ இன்றே போன் போட்டுக் கேளுங்கள்: “அங்கே உன் பெயர் எந்தக் காகிதத்தில் இருக்கிறது?” பதில் இருந்தால் நல்லது. பதில் இல்லையென்றால், அடுத்த தடவை ஊருக்கு வரும்போது சங்கத்துக்குக் கூட்டி வாருங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்வோம்.